பேறுகால விடுப்பும் அதன் பின் குறைந்த நேர வேலையும்: சட்டப்படி எனக்கு என்ன உரிமை?

விளக்குத்தூண் வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரை விளக்குத்தூண் பகுதியில் ஒரு ஜவுளிக் கடையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கடையில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறோம். என் மாதச் சம்பளம் 19,500 ரூபாய். சம்பளச் சீட்டில் மாதந்தோறும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டு. இப்போது எனக்கு ஐந்தாம் மாதம், முதல் குழந்தை.

விடுப்பைப் பற்றிக் கேட்டபோது மேலாளர், "இங்கே மூன்று மாதம்தான் வழக்கம், கூடுதலாக வேண்டுமென்றால் விலகல் கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள், பிறகு இடம் இருந்தால் சேர்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டார். கடை காலை ஒன்பதரைக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு அடைக்கிறது. பண்டிகைக் காலத்தில் இன்னும் நேரமாகும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அத்தனை நேரம் என்னால் நிற்க முடியாது. குறைந்த நேரம் வேலை செய்ய உரிமை கேட்கலாமா? தனியார் நிறுவனத்தில் இருக்கும் என் கணவருக்கு ஏதேனும் விடுப்பு உண்டா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வழக்கறிஞர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை

சகோதரிக்கு வணக்கம். முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: எந்தக் காரணத்துக்காகவும் விலகல் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள். விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையிலிருந்து நீக்குவதையும், அவருடைய பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றுவதையும் சட்டம் தடை செய்கிறது. ஆனால் தானாக விலகியதாகக் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டால், வற்புறுத்தி வாங்கினார்கள் என்று மெய்ப்பிக்கும் சுமை உங்கள் தலையில் விழுந்துவிடும்.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் முதலில் 12 வார விடுப்பையே தந்தது; 2017இல் வந்த திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக உயர்த்தியது. மேலாளர் சொல்லும் மூன்று மாதம் அந்தப் பழைய கணக்குதான். அச்சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. 26 வாரம் என்பது அதிலும் மாறவில்லை. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் கடை என்பதால் உங்கள் கடை இதிலிருந்து தப்ப முடியாது.

குறைந்த நேர வேலையைப் பொறுத்தவரை, கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனாலும் நீங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்டுவதற்காக நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகள் உண்டு. விடுப்பு முடிந்த பின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை செய்ய ஏற்பாடு செய்துகொள்ளலாம். கணக்கு வேலைக்கு இது நன்றாகவே பொருந்தும். மேலும், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி வழக்கமான வேலை நேரம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணிதான். கூடுதல் ஊதியம் கொடுத்தாலும் நாளுக்குப் பத்து மணிக்கு மேல் வாங்க முடியாது. கடை இரவு ஒன்பது வரை திறந்திருப்பது முதலாளியின் வியாபாரம். நீங்களும் ஒன்பது வரை இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. இந்த வரம்பைக் கடைப்பிடிக்கச் சொன்னாலே உங்கள் மாலை நேரம் ஓரளவு கைக்கு வந்துவிடும்.

கணவர் பற்றி: தனியார் துறைத் தந்தையருக்குச் சட்டப்படியான விடுப்பு எதுவும் இல்லை. மத்திய அரசு ஊழியருக்குப் பதினைந்து நாள் உண்டு. 2023இல் ஒரு காவல் ஆய்வாளரின் வழக்கில் நம் மதுரைக் கிளையே தந்தையர் விடுப்புக்கென்று தனிச் சட்டம் தேவை என்று சுட்டிக்காட்டியது. சட்டம் இன்னும் வரவில்லை. பேறு முடிந்து வரும் மனைவிக்குத் துணையாக இருக்க ஒரு தகப்பன் தன் சொந்த விடுப்பைக் கரைக்க வேண்டியிருப்பது நியாயமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஓய்வுபெற்ற இ.எஸ்.ஐ. ஊழியர்

வழக்கறிஞர் சொன்னவற்றோடு பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மேலாளரின் அச்சம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். 21,000 ரூபாய் வரை சம்பளம் பெற்று இ.எஸ்.ஐ.யில் இருக்கும் பெண்ணுக்கு அந்த 26 வாரத்துக்கான பணத்தை இ.எஸ்.ஐ. கழகமே தருகிறது, முதலாளி தருவதில்லை. உங்கள் சம்பளத்தில் 0.75 விழுக்காடும் கடையின் பங்காக 3.25 விழுக்காடும் மாதந்தோறும் கட்டுவது இதற்காகவும்தான். சராசரி நாள் ஊதியம் முழுமையாகக் கிடைக்கும். அதைப் பெற, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில், அதாவது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்ற அரையாண்டுகளில், குறைந்தது 70 நாட்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பிடித்தம் செய்த பணத்தைக் கடை உண்மையிலேயே கட்டியிருக்கிறதா என்பதை இ.எஸ்.ஐ. இணையதளத்தில் இன்றே பாருங்கள் அம்மா. எத்தனையோ பெண்கள் பிரசவம் முடிந்து கிளை அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் அதைத் தெரிந்துகொண்டார்கள்.

கப்பலூர் ஆலைத் தோழி

என் அனுபவத்தில், மேலாளருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும். ஆகவே உடனே புகாருக்குப் போகாமல், எதிர்பார்க்கும் பேறு நாளையும் விடுப்பு தொடங்கும் நாளையும் குறிப்பிட்டு, பணம் இ.எஸ்.ஐ. தரும் என்பதையும் சேர்த்து ஒரு கடிதம் கொடுங்கள்; நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஐம்பது பேர் இருக்கும் இடமென்றால் குழந்தைகள் காப்பகமும், ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவரும் உரிமையும் உண்டு. எங்கள் ஆலையில் அது இருந்ததால்தான் நான் வேலையை விடாமல் இருந்தேன். உங்கள் கடைக்கு வேறு கிளைகள் இருந்தால் மொத்த எண்ணிக்கையையும் வழக்கறிஞரிடம் சொல்லிக் கேளுங்கள்.

விளக்குத்தூண் வாசகி

மிக்க நன்றி. இணையதளத்தில் பார்த்தேன், பங்களிப்பு விடாமல் கட்டப்பட்டிருக்கிறது. இன்னும் ஒரு கேள்வி: ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் உசிலம்பட்டியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்போதே விடுப்பைத் தொடங்கலாமா? விடுப்பில் இருக்கும்போது மாதக் கடைசிக் கணக்கை மட்டும் வீட்டிலிருந்து முடித்துத் தர முடியுமா என்றும் கடையில் கேட்கிறார்கள்.

ஓய்வுபெற்ற இ.எஸ்.ஐ. ஊழியர்

எதிர்பார்க்கும் பேறு நாளுக்கு முன்னால் எட்டு வாரத்துக்கு மேல் இந்த விடுப்பில் எடுக்க முடியாது அம்மா. ஏழாம் மாதத்திலேயே போவதானால் இடைப்பட்ட நாட்களுக்கு வேறு விடுப்புப் போட வேண்டியிருக்கும். முன்னால் குறைவாக எடுத்தால் அந்த வாரங்கள் பிறகு குழந்தையோடு இருக்கக் கிடைக்கும் என்பதையும் வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

கணக்கு வேலைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஊதியத்துக்கு வேலை செய்யும் நாட்களுக்கு இ.எஸ்.ஐ. பேறுகாலப் பணம் கிடையாது. வீட்டிலிருந்து செய்வதை விடுப்பு முழுவதும் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதையும் எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை

கடிதத்துக்குப் பின்னும் கடை மறுத்தால், மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனு கொடுக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அவர்களின் தொலைபேசி எண் 15100. கடிதத்தின் வரைவை இங்கேயே இடுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.