வெள்ளவத்தைச் சொந்தங்கள் குழு: கவினுக்கு முதலாம் வகுப்பு

*செவ்வாய்*

தர்சினி 6.42
எல்லாருக்கும் வணக்கம். கவினுக்கு முதலாம் வகுப்புக்கு விண்ணப்பப் போம் போடுற கடைசித் திகதி கிட்டுது. வசந்தி மாமி, ஞாயிற்றுக்கிழமை போனில கேட்ட விசயத்தை யோசிச்சீங்களோ?

பவானி பெரியம்மா 6.50
காலை வணக்கம் பிள்ளையள் 🙏 ஆடிவேல் திருவிழாவுக்கு ஆர் ஆர் வாறியள்? காலி வீதியை மறிக்க முந்தி வந்திடுங்கோ. சாப்பாடு எங்கட வீட்டில.

சுரேஷ் (ரொறன்ரோ) 6.53
கவினுக்கு அதுக்குள்ள அஞ்சு வயசோ!

தர்சினி 6.55
வாற ஜனவரி 27க்கு முடியுது.

குணம் சித்தப்பா 7.01
அப்ப சரி. சேருற வருசம் ஜனவரி 31க்கு அஞ்சு நிறைஞ்சிருக்கோணும். நாலு நாளால தப்பிட்டான். வசந்தியிட்ட என்ன பிள்ளை கேட்டனீ?

ரமணன் 7.04
மாமியின்ர பம்பலப்பிட்டி பிளட் வீட்டு விலாசத்தில எங்கட ரெண்டு பேரின்ர பேரையும் வாக்காளர் இடாப்பில போடலாமோ எண்டு, சித்தப்பா.

அனுஷா 7.05
இதைக் குறூப்பில கேக்கிறதே அத்தான்

வசந்தி மாமி 7.09
நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்ல.

குணம் சித்தப்பா 7.26
ரமணன், வேண்டாம். பொய் விலாசம் எண்டது ஒரு பக்கம், கணக்குப் பாத்தாலும் உனக்கு நட்டம். இடாப்பு பாக்கிறது ஒரு வருசத்துக்கு இல்லை, முந்தின அஞ்சு வருசத்துக்கு. தாய், தேப்பன் ரெண்டு பேரும் அதே விலாசத்தில வருசா வருசம் இருக்கினமோ எண்டு பாத்துத்தான் மார்க்ஸ் போடுவினம். இப்ப மாமி வீட்டில பேர் போட்டால் அங்க முன்னுக்கு ஒரு வருசமும் இல்லை. வெள்ளவத்தையில நீங்கள் சேத்து வைச்சதும் அறுந்து போகும். எத்தினை வருசமாச்சு அந்த வீட்டுக்கு வந்து?

தர்சினி 7.28
நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது. அதுக்கு முன்னம் கொட்டாஞ்சேனை.

குணம் சித்தப்பா 7.29
நாலு வருசமும் ரெண்டு பேரின்ர பேரும் விழுந்திருக்கோ?

ரமணன் 7.31
இவவின்ர பேர் ஒரு வருசம் தவறிப்போச்சு எண்டு நினைக்கிறன். ஜி.எஸ் (கிராம சேவகர்) வந்த நேரம் போமில என்ர பேரை மட்டும் எழுதிக் குடுத்திட்டன்.

தர்சினி 7.31
🙄

குணம் சித்தப்பா 7.44
நினைக்காதை, எடுத்துப் பார். தேர்தல் அலுவலகத்தில ஒவ்வொரு வருசத்துக்கும் தனித்தனியா அத்தாட்சிப் பிரதி தருவினம். பிரதியில உங்கட பேர், வீட்டு இலக்கம், ஜி.எஸ் பிரிவு மூண்டும் தெளிவா விழுந்திருக்கோ எண்டு கவுண்டரிலயே நிண்டு பார். வீட்ட வந்து பாத்தால் பிறகும் ஒரு நாள் லீவு.

அனுஷா 8.10
*பல முறை பகிரப்பட்டது*
முக்கிய அறிவித்தல்!! இந்த வருடம் முதல் தேருநர் இடாப்பு தேவையில்லை. மின்சாரப் பட்டியல் மட்டும் போதும். எல்லாப் பெற்றோருக்கும் பகிரவும்.

பவானி பெரியம்மா 8.12
நல்லதாப் போச்சு பிள்ளை

குணம் சித்தப்பா 8.20
இதை ஒருத்தரும் நம்பாதேங்கோ. கல்வி அமைச்சின்ர இணையத்தளத்தில இந்த வருசச் சுற்றறிக்கையும் மாதிரி விண்ணப்பமும் தமிழில கிடக்கு. அதைப் பிரிண்ட் எடுத்து வைச்சுக்கொண்டு நிரப்புங்கோ. மார்க்ஸ் பங்கீட்டை இடைக்கிடை மாத்துவினம், போன வருசம் போட்ட ஆக்களிட்டக் கேட்டு நிரப்பினால் பிழையாப் போகும்.

சுரேஷ் (ரொறன்ரோ) 8.24
சித்தப்பா, மொத்த இடத்தை என்னண்டு பிரிக்கிறவை?

குணம் சித்தப்பா 8.33
நூறு இடமெண்டால் 50 கிட்டடியில குடியிருக்கிறவைக்கு. 25 பழைய மாணவற்ற பிள்ளையளுக்கு. 15 அண்ணன் தம்பி அங்க படிக்கிற பிள்ளையளுக்கு. 5 பாடசாலைக் கல்வியோட நேரடியா வேலை செய்யிற அமைச்சு ஆக்களுக்கு. 4 இடமாற்றத்தில வந்த அரச உத்தியோகத்தருக்கு. 1 வெளிநாட்டில இருந்து திரும்பி வந்தவைக்கு.

சுரேஷ் (ரொறன்ரோ) 8.34
கடைசி ஒண்டு எனக்கு விட்ட இடமோ 😀

பவானி பெரியம்மா 8.35
முதல்ல நீ வா ராசா. ரெண்டு வருசமா வாறன் வாறன் எண்டுறாய்.

ரமணன் 8.41
எனக்கு றோயல் கல்லூரிதான் ஆசை சித்தப்பா. அதுக்குத்தான் மாமி வீடு. வெள்ளவத்தையை விட அது கிட்ட.

குணம் சித்தப்பா 9.02
கிட்ட எண்டதை றோட்டால அளக்கிறேல்ல. உன்ர வீட்டை நடுவில வைச்சு, கேக்கிற பாடசாலை வரைக்கும் நேர்கோடு. அந்தக் கோட்டை ஆரையா வைச்சு ஒரு வட்டம். வட்டத்துக்குள்ள உன்ர பிள்ளை சேரக்கூடிய வேற அரசாங்கப் பாடசாலை ஒண்டும் இல்லாட்டி முழு 50 மார்க்ஸ். இருந்தால் ஒவ்வொண்டுக்கும் மார்க்ஸ் வெட்டு. பம்பலப்பிட்டியில நிண்டு றோயலுக்கு வட்டம் கீறிப் பார், பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி நடுவுக்குள்ள வந்து நிக்கும். மாமி வீட்டால நடந்து போற தூரத்தில இருக்கிற பாடசாலையைத் தாண்டி மற்றதைக் கேட்டால் வெட்டாமல் விடுவினமோ? ஆனால் இந்துவை முதல் தெரிவாப் போட்டால் அதே வட்டக் கணக்கு உனக்குச் சாதகம்.

ஒண்டு கவனி. நேர்முகத்தில ஆக்கள் பிழை விடுற இடம் இதுதான். வட்டத்துக்குள்ள விழுற எல்லாத்துக்கும் வெட்டேலாது. பெடியனுக்கு மகளிர் பாடசாலையைக் கணக்கில எடுக்கேலாது. இராமநாதன் மகளிர் கல்லூரி வட்டத்துக்குள்ள நிண்டால் கவினுக்கு அதால வெட்டில்லை. தமிழ் மொழி ஆரம்பப் பிரிவு இல்லாத பாடசாலையும் அப்பிடித்தான். வீட்டிலயே வரைபடத்தில வட்டம் கீறி, உள்ளுக்க எந்தெந்தப் பாடசாலை, எதில ஏன் சேரேலாது எண்டு ஒரு தாளில எழுதிக் கொண்டு போ. அவை வெட்டினால் அங்கயே பணிவா எடுத்துக் காட்டு. பேசாமல் கையெழுத்து வைச்சிட்டு வெளியில வந்து அழுறதில பிரயோசனமில்லை.

தர்சினி 9.06
சித்தப்பா இதை நான் சேவ் பண்ணி வைக்கிறன் 🙏

வசந்தி மாமி 9.15
அப்ப என்ர வீடு தேவையில்லை எண்டுறியள்.

ரமணன் 9.16
அப்பிடியில்லை மாமி

வசந்தி மாமி 9.18
பாட்டியின்ர வீட்டு உறுதி எழுதேக்க ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்ல. இப்ப பள்ளிக்கூடம் எண்டவுடன வீடு கண்ணில படுது.

பவானி பெரியம்மா 9.19
வசந்தி, அதை இப்ப விடு.

அனுஷா 9.25
நான் சொன்னால் கோவிப்பியள். இன்டர்நஷனல் பள்ளிக்கூடத்தில போட்டால் இந்த இடாப்பு, வட்டம் ஒண்டும் வேண்டாம்.

தர்சினி 9.27
மாசா மாசம் ஆர் கட்டுறது அனுஷா?

குணம் சித்தப்பா 9.38
காசு மட்டுமில்லை. அவை கம்பனிச் சட்டத்தில பதிஞ்சது, அமைச்சின்ர சுற்றறிக்கை அங்க செல்லாது. லண்டன் ஏ.எல் (உயர்தரச் சோதினை) எடுக்கிற பிள்ளைக்கு இங்கத்தை பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி (இங்கத்தை ஏ.எல் மார்க்ஸைத் தரப்படுத்தின புள்ளி) வழி இல்லை. அது தெரிஞ்சு போடுறவை போடட்டும். அனுஷா நல்லாத்தான் வளக்கிறா.

அனுஷா 9.39
நன்றி மாமா

ரமணன் 12.20
இன்னொண்டு. ஒஃபிசில ஒருத்தர் சொல்லுறார், தெரிஞ்ச ஆள் இருக்காம், ஒரு தொகை குடுத்தால் பட்டியலில பேர் வருமாம்.

குணம் சித்தப்பா 12.24
குடுக்கிறவனும் குற்றவாளி. லஞ்ச ஆணைக்குழுவின்ர இலக்கம் 1954. உன்ர பிள்ளைக்கு நாளைக்கு அதே பாடசாலையில தலை நிமிர்ந்து நடக்கோணும். இந்தக் கதையை இதோட விடு.

ரமணன் 12.25
விட்டன்.

குணம் சித்தப்பா 12.51
நீ இந்துவிலதானே படிச்சனீ? எந்த வகுப்பில சேந்தனீ?

ரமணன் 12.53
ஆறில இருந்து ஏ.எல் மட்டும்.

குணம் சித்தப்பா 13.12
அப்ப ஏன் ஒரு வழியை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்? பழைய மாணவர் பிரிவில படிச்ச வகுப்புக்கு ரெண்டு மார்க்ஸ் படி, 13 வகுப்புக்கும் 26. உனக்கு எட்டு வகுப்பு, 16. பிறகு ஓ.எல், ஏ.எல் பெறுபேறு, விளையாட்டு, சங்கங்கள், விட்ட பிறகு பாடசாலைக்குச் செய்த உதவி எண்டு போகும். சான்றிதழ் இல்லாத ஒண்டுக்கும் மார்க்ஸ் இல்லை. பாடசாலை விடுகைப் பத்திரம், கிரிக்கெட் சேர்ட்டிபிகேட் எல்லாம் தேடி எடு. பழைய மாணவர் சங்கத்தில அங்கத்தவமோ?

ரமணன் 13.15
இல்லை. இண்டைக்கே சேரட்டோ?

குணம் சித்தப்பா 13.19
சேர், நல்லது. ஆனால் எத்தினை வருசம் அங்கத்தவம் எண்டு பாப்பினம், இந்த மாசத்துப் பற்றுச்சீட்டு பெருசா எடுபடாது. கிட்டடிப் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம், பழைய மாணவர் பிரிவுக்கு வேற ஒண்டு. ஒரே தாளில ரெண்டு பிரிவும் போட்டால் நிராகரிப்பு. ஒவ்வொரு பாடசாலைக்கும் தனித்தனிப் பதிவுத் தபால். தபால் பற்றுச்சீட்டைக் கவனமா வைச்சிரு.

பவானி பெரியம்மா 13.30
ஆடிவேலுக்கு எத்தினை பேர் எண்டு சொல்லேல்லயே ஒருத்தரும். மோதகத்துக்கு மா இடிக்கோணும்.

சுரேஷ் (ரொறன்ரோ) 13.31
எனக்கும் சேத்து அவியுங்கோ 😋

ரமணன் 18.47
*4 படங்கள்*
வாடகை ஒப்பந்தம், லைட் பில், ஐ.டி, என்ர இடாப்புப் பிரதி. பாருங்கோ சித்தப்பா.

குணம் சித்தப்பா 19.20
பாத்தன். மூண்டு பிரச்சினை இருக்கு.

முதலாவது விலாசம். இடாப்பில 14 3/1. ஒப்பந்தத்தில 14/3-1. லைட் பில்லில வெறும் 14. எங்களுக்கு மூண்டும் ஒரு வீடு, விசாரிக்கிற ஆளுக்கு மூண்டு வீடு. மாநகரசபை சோலைவரி (வீட்டு வரி) புத்தகத்தில என்ன இலக்கமெண்டு வீட்டுக்காரரிட்டப் பார்த்து, மூண்டும் ஒரே வீடுதான் எண்டு ஜி.எஸ்ஸிட்ட ஒரு கடிதம் எடு. ஜி.எஸ் சான்றிதழுக்குத் திம்பிரிகசாய பிரதேச செயலகத்தில மேலொப்பமும் வேணும்.

ரெண்டாவது பேர். ஐ.டியில முழுப்பேர், இடாப்பில முதலெழுத்து ஒண்டு குறையுது. சமாதான நீதவானிட்ட சத்தியக் கடதாசி முடி. பத்து நிமிச வேலை.

மூண்டாவதுதான் பெரிசு. ஒப்பந்தத்தை நொத்தாரிசு எழுதியிருக்கிறார், ஆனால் காணிப் பதிவகத்தில பதிஞ்ச முத்திரை இல்லை. பதியாத குத்தகைக்கும் பதிஞ்சதுக்கும் மார்க்ஸ் ஒண்டில்லை. வீட்டுக்காரர் என்ன சொல்லுறார்?

ரமணன் 19.26
பதிஞ்சால் வரிக்காரர் வருவினம் எண்டு பயப்பிடுறார்.

குணம் சித்தப்பா 19.29
நான் வந்து கதைக்கிறன். சனிக்கிழமை பின்னேரம் நிப்பாரோ?

தர்சினி 19.33
லைட் பில் வீட்டுக்காரற்ற பேரில. அது உதவுமோ?

குணம் சித்தப்பா 19.41
உங்கட பேரில இல்லாட்டி பெருசா உதவாது. அந்த விலாசம் விழுந்த பாஸ்புக், இன்சூரன்ஸ், டிரைவிங் லைசென்ஸ், ஐ.டி எடு. கொட்டாஞ்சேனை விலாசத்தோட கிடக்கிறது ஒண்டையும் ஃபைலுக்குள்ள வைக்காதை, நீயே உனக்கு எதிராச் சாட்சி குடுத்த மாதிரி. நேர்முகத்துக்கு எல்லாம் மூலப்பிரதி.

வசந்தி மாமி 20.02
வீட்டுக்கு வந்து பாப்பினமாமே?

குணம் சித்தப்பா 20.11
ஓம். சொல்லாமல் வருவினம், விடியவும் வரலாம், இரவிலயும் வரலாம். பிள்ளையின்ர கட்டில், உடுப்பு, பல்லுத் தீட்டுற பிரஷ் வரைக்கும் பாப்பினம். பக்கத்து வீட்டிலயும் கேப்பினம். பொய் எண்டு பிடிபட்டால் பிள்ளை சேந்த பிறகும் வெளியில எடுக்கலாம். ஒரு வருசம் படிச்ச பிள்ளையை வகுப்பில இருந்து எழுப்பிக் கொண்டு போறதை யோசிச்சுப் பாருங்கோ. அதாலதான் காலமை வேண்டாம் எண்டனான் வசந்தி. உன்ர வீடு எண்டதால இல்லை.

வசந்தி மாமி 20.19
விளங்குது அண்ணை.

தர்சினி 20.22
தற்காலிகப் பட்டியலில பேர் வராட்டி?

குணம் சித்தப்பா 20.30
மேன்முறையீடு. பட்டியல் போட்ட அண்டைக்கே போய் மார்க்ஸைக் கேள். எங்க வெட்டினவை எண்டு தெரியாமல் மேன்முறையீடு எழுதினால் அது வெறும் மன்றாட்டம். அதுவும் சரிவராட்டி அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் இருக்கு, ஆறாம் வகுப்பில இன்னொரு வாசல். அதை இப்ப பிள்ளைக்கு முன்னால கதைக்காதேங்கோ.

ரமணன் 20.34
அப்ப முதல் தெரிவு றோயலோ இந்துவோ?

தர்சினி 20.34
இந்து.

ரமணன் 20.35
றோயலுக்கும் ஒரு போம் போட்டு வைப்பமே.

தர்சினி 20.36
வீட்ட வந்து கதையுங்கோ.

வசந்தி மாமி 20.48
தர்சினி, மாமான்ர பழைய ஃபைலுக்குள்ள ரமணன்ர பாடசாலைக் கிரிக்கெட் சேர்ட்டிபிகேட் ஒண்டு கிடந்த ஞாபகம். பெட்டி மேல் தட்டில. என்னால ஏறேலாது, நாளைக்கு ஆரும் வந்து எடுங்கோ.

பவானி பெரியம்மா 20.50
ஆடிவேலுக்கு எட்டுப் பேர் எண்டு போடுறன். கூடினால் சொல்லுங்கோ.