பெரிய கோழியின் நெஞ்சுக்கறி கட்டையாக விறைத்திருப்பது எதனால்?

கொழிஞ்சாம்பாறை கடைக்காரர்:
பாலக்காடு மாவட்டத்தில் கோழிக்கடை வைத்திருக்கிறேன். ஹோட்டல்களுக்கு எலும்பில்லாக் கறி கொடுப்பதற்காக, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட கோழிகளை எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சிப் பண்ணைகளிலிருந்து எடுக்கிறேன். சிலவற்றின் நெஞ்சுக்கறி விரலால் அழுத்தினாலும் அமுங்காமல் விறைத்து, வெளிறி, மேலே கொழகொழவென்று நீர் கோத்திருக்கிறது. தசையிழை ஓடும் திசையிலேயே வெள்ளைக் கோடுகளும் தெரிகின்றன. இரண்டு கிலோக் கோழியில் இதை அரிதாகத்தான் பார்க்கிறேன். வாடிக்கையாளர்கள் 'ஹார்மோன் ஊசி' என்கிறார்கள். காரணம் என்ன, இதை விற்கலாமா?

கால்நடை மருத்துவர், பொள்ளாச்சி:
ஊசிக் கதையை ஒதுக்கிவிடுங்கள், ஐயா. ஆயிரக்கணக்கான கோழிகள் உள்ள கொட்டகையில் ஒவ்வொன்றையும் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் ஆள்கூலிக்கே கட்டாது. கோழி பெருத்தது இனத்தேர்வினால்தான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957ஆம் ஆண்டு இனத்தையும் 2005ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தபோது, 56ஆம் நாளில் முன்னது சுமார் 0.9 கிலோவும் பின்னது 4.2 கிலோவும் இருந்தன.

நீங்கள் காணும் விறைப்பை ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2014இல் திசு அளவில் விவரித்தார்கள்: தசையிழைகள் சிதைந்து, அவை இருந்த இடத்தில் நார்த்திசு நிரம்பிவிடுகிறது. தசை பருக்கும் வேகத்துக்கு நுண்ணிய இரத்தக்குழாய்கள் ஈடுகொடுக்காததால் பிராணவாயு குறைகிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஆனால் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள், கை தொட்டு அறிவதற்கு வெகு முன்பே, குஞ்சுப் பருவத்தின் முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே, நெஞ்சுத்தசையின் சிரைகளில் அழற்சியும் கொழுப்பு சேர்தலும் தொடங்குவதைக் காட்டின. கொழுப்பைக் கையாளும் வளர்சிதை மாற்றமே முதலில் பிசகுகிறதோ என்ற கேள்வி அங்கிருந்துதான் வலுத்தது. எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது.

இந்த விறைப்பால் உண்பவருக்குத் தொற்று எதுவும் வராது. சவைப்பதற்குத்தான் நன்றாக இராது, கொத்துக்கறியாக்கிக் கொடுங்கள்.

கோபாலபுரம் பண்ணையாளர்:
குஞ்சும் தீவனமும் கம்பெனி இறக்குவது. எங்களுக்கு வளர்ப்புக் கூலி மட்டும். கடைசி வாரத்தில் தீவனத்தைக் குறைத்தால் இது நிற்குமா, டாக்டர்? இல்லை, குஞ்சு இனமே குற்றமா?

கால்நடை மருத்துவர், பொள்ளாச்சி:
முதல் வாரங்களிலேயே தொடங்கிவிடுவதைக் கடைசி வாரத்தில் நிறுத்த முடியாது. தொடக்கத்திலிருந்தே வளர்ச்சியை மட்டுப்படுத்தினால் குறைகிறது. ஆனால் எடையும் நெஞ்சுக்கறியும் சேர்ந்தே குறையும், உங்கள் கூலியும் அதோடு போகும். இனத்தைப் பற்றி: குஞ்சு இன நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட கட்டுரை, விறைப்பில் மரபின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு, வெள்ளைக் கோட்டில் அதைவிடக் கூடுதல் என்றது. சொல்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பின்னர் பிரான்சில் வேறொரு கோழி வரிசையில் வெள்ளைக் கோட்டுக்கு மரபின் பங்கு மிக அதிகமாகவே கிடைத்தது. கடைக்காரர் ஐயா, ஹோட்டல்கள் ஒப்புக்கொண்டால் இரண்டு கிலோ அளவிலேயே கோழியை எடுத்துவிடுங்கள்.