புதுப்பிப்பு: 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு எந்த அளவு பெல்லட்? (குன்னூர்)

மகளின் ஏர் ரைபிளுக்கு 4.49, 4.50, 4.51 மி.மீ. தலை அளவுகளில் (முன்பக்க விட்டம்) எந்த பெல்லட் (ஈயக் குண்டு) பொருந்தும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ரைபிளை வைஸில் (அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்துச் சுட்டுப் பார்க்கச் சொன்ன யோசனைதான். கை நடுக்கம் கலக்காததால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. 4.50 போட்டபோது துளைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, அட்டையில் ஒரே ஓட்டையாக நின்றன. 4.51 சிதறியது. இலக்கு அட்டையின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டமே 0.5 மி.மீ. தான், இந்தச் சிதறல் அங்கே பெரிது.

எதிர்பாராதது: அதே 4.50, வேறு லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) போட்ட டப்பாவில் துளைகள் விலகிவிட்டன. பெல்லட் செய்யும் அச்சு மாறினால் பெல்லட்டும் மாறும். சரியாக வந்த லாட்டையே மொத்தமாக வாங்கி வைத்துவிட்டோம்.

அப்புறம், இந்த மலை ஈரத்தில் ஈயம் வெள்ளையாகப் பூக்கிறது. டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். தொட்டபின் பிள்ளைகள் கட்டாயம் கை கழுவ வேண்டும்.