சம்மன் வந்துவிட்டது, வக்கீல் வைக்கப் பணமில்லை: என்ன வழி?

கேள்வி: கணவர் சேலத்தில் விவாகரத்து வழக்குப் போட்டிருக்கிறார். மனைவி இருப்பது மதுரையில், வருமானம் இல்லை. இலவச வக்கீல் கிடைப்பாரா?

பதில் 1: கிடைப்பார். நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கட்டும். 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12: பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. சம்மன் நகல், ஆதார், திருமண ஆதாரம் கொண்டுபோகட்டும். தொலைபேசி 15100.

பதில் 2: முதல் வாய்தாவைத் தவறவிடவே கூடாது. ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது அவர் தரப்பைக் கேட்காமலே வழக்கு நடக்கும். பலர் சறுக்குவது இங்கேதான். இந்து திருமணமென்றால் இந்து திருமணச் சட்டம் பிரிவு 24-இல் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். மதுரைக்கு மாற்ற உயர் நீதிமன்றத்தில் தனி மனு போட வேண்டும். அது நிலுவையில் இருந்தாலும், தடையுத்தரவு இல்லாதவரை சேலம் வாய்தா வாய்தாதான்.

பதில் 3: சமரசம் பேசினால், நகை, ஜீவனாம்சத் தொகை எழுத்தில் வராமல் கையெழுத்துப் போட வேண்டாம்.