மறு: வாபுள் பேஸ் – "தள்ளாட்டம்" வேண்டாம், "உறுமல்" வைப்போம்

அண்ணே, வணக்கம்.

மின்னிசைச் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ் அகராதியில், வாபுள் பேஸுக்கு (தாளத்தோடு ஆடி ஆடி ஒலிக்கும் கீழொலி) நீங்கள் கொடுத்த "தள்ளாட்டத் தாழொலி"யை இரண்டு நாளாக ஸ்டுடியோவில் சொல்லிப் பார்த்தேன். வாயில் நிற்கவில்லை. அதைவிட, பொருள் இடிக்கிறது. தள்ளாடுகிறவன் தாளத்தில் நடக்க மாட்டான். இந்த ஒலியோ தாளத்தை விட்டு இம்மியும் நகராது.

செய்முறையைப் பாருங்கள். ரம்பப்பல் போன்ற வடிவமுள்ள ஒலி அலை ஒன்றைக் கீழ்ச்சுரத்தில் பிடித்து, கீழ் அதிர்வெண்களை மட்டும் விடுகிற லோ பாஸ் ஃபில்டர் வழியாக விடுகிறோம். ஃபில்டரை மூடினால் மேல் அதிர்வெண்கள் அடைபட்டு "ம்ம்ம்" என்று கேட்கும். திறந்தால் "வாஆ" என்று வாய் பிளக்கும். எல்எஃப்ஓ என்ற மெதுவான அலை இந்தத் திறப்பையும் மூடலையும் ஆட்டுகிறது. 2000-களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனில் உருவான, வாபுள் பேஸுக்குப் பேர்போன டப்ஸ்டெப் என்ற மின்னிசை வகையின் வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 140 தாள அடி. அடிக்கு இரண்டு ஆட்டம் வைத்தால் நொடிக்கு 4.67 முறை வரும், மூன்று வைத்தால் 7 முறை. இரட்டைக் கணக்கில் போகும் சதுஸ்ரத்திலிருந்து மூன்றின் கணக்கில் போகும் திஸ்ரத்துக்கு நடை மாற்றுகிறோமே, அதேதான்.

பாலக்காட்டுப் பகுதியில், எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் திருவிழாவில் உறுமிக்காரர் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். வளைந்த குச்சியை ஒரு பக்கத் தோலில் அழுத்தித் தேய்க்கிறார். குச்சி ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும். அழுத்தம் மாற மாற அந்தக் குரலும் ஏறி இறங்கும். காதுக்கு முன்னால் விலா எலும்பில்தான் அது தெரிந்தது. பேஸ் செய்கிற நாங்கள் மணிக்கணக்கில் திருகித் திருகித் தேடுவது அந்த உணர்வைத்தான். ஆகவே "உறுமல்" என்கிறேன். சவுண்ட் செட் கட்டுகிற தம்பியிடம் "உறுமலைக் கொஞ்சம் குறை" என்றேன். எதைக் குறைப்பது என்று அவன் திருப்பிக் கேட்கவே இல்லை.

சப் பேஸுக்கு (எல்லாவற்றுக்கும் அடியில் ஒலிக்கும் மிகத் தாழ்ந்த ஒலி) நீங்கள் சொன்ன "மெலிவு" வேண்டாம். மெலிவு, சமன், வலிவு என்று கீழ், நடு, மேல் ஆகிய மூன்று தானங்களுக்கும் (ஸ்தாயிகளுக்கும்) பழந்தமிழில் பெயர் உண்டு, அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் இன்று மெலிவு என்றால் ஒல்லி என்றுதான் கேட்கும், அறையையே நடுங்க வைக்கும் 45 ஹெர்ட்ஸுக்கு அது பொருந்தாது. "அடிநாதம்" போதும்.

இன்னொன்று. மிருதங்கத்தில் தொப்பி என்கிற இடப்பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்பினால் தோல் கனத்துச் சுருதி இறங்கும். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் தொப்பியைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் பாட்டில் அடிநாதம் போதாவிட்டால் நாங்கள் "இன்னும் கொஞ்சம் ரவை போடு" என்போம். அகராதிக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, பதிவாவது இருக்கட்டும்.

– கொழிஞ்சாம்பாறையிலிருந்து

தம்பி, தாளத்தை நான் யோசிக்கவில்லை. "தள்ளாட்டம்" என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். ஆனால் ஒரு சிக்கல். கிரவுல் பேஸ் (விலங்கு உறுமுவது போன்ற கீழொலி) என்று தனியாக ஒன்று இருக்கிறதே. உறுமல் என்ற சொல் அதற்குத்தானே நேராகப் பொருந்தும்? வாபுளுக்கும் அதையே கொடுத்தால் படிக்கிற பிள்ளை குழம்பும். ரீஸ் பேஸ் என்ற இன்னொரு வகையை என்ன செய்வது?

– செங்கோட்டையிலிருந்து

அண்ணே, நீங்கள் சொல்வது சரி. கிரவுலில் ஆட்டம் தாளத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை, தொண்டை கரகரப்பதுதான் முக்கியம். அதற்கு வெறும் "உறுமல்" இருக்கட்டும். வாபுளுக்குத் "தாள உறுமல்" என்று வைப்போம்.

ரீஸை மொழிபெயர்க்க வேண்டாம். டெட்ராய்ட்டின் கெவின் சாண்டர்சன் 1988-இல் ரீஸ் என்ற புனைபெயரில் வெளியிட்ட ஒலி அது, ஆள் பெயர். விளக்கம் மட்டும் எழுதலாம்: சுருதி சற்றே விலகிய இரண்டு அலைகள் ஒன்றோடொன்று உரசுவது. 55 ஹெர்ட்ஸும் 55.5 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் இரண்டு நொடிக்கு ஒரு முறை ஒலி பெருத்து அடங்கும்.

மூன்றுக்கும் ஒலித்துண்டு இணைத்திருக்கிறேன். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அடிநாதம் வரவே வராது. ஹெட்போனில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அப்புறம் பதிவில் ஏற்றுகிறேன்.