ஆனிக் காத்துல விருந்தாளியக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போன அனுபவம் யாருக்காவது உண்டா?

குழித்துறைக்காரன்:

போன வருஷம் நடந்தது. இன்னும் மனசுல கிடந்து அரிக்குது, அதான் இங்க கொட்டுறேன்.

மாமியாருக்கு ஊர் பொள்ளாச்சி, வயசு 68. மகளைக் கட்டிக் கொடுத்து 11 வருஷம் ஆச்சு. ஒவ்வொரு தீபாவளிக்கும் "உங்கூர்க் கடலக் காட்டவே இல்லீங்களே மாப்பிள்ளை"ன்னு ஒரு வார்த்தை போட்டுடுவாங்க. சரின்னு ஜூன் கடைசியில மூணு நாளைக்குத் திட்டம் போட்டேன். தேங்காய்பட்டணம், முட்டம், கன்னியாகுமரி. ரூம் வாடகை பாதி, கூட்டமும் இருக்காது. இதை வீட்டுல பெருமையா வேற சொன்னேன். கூட்டம் ஏன் இருக்காதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும்.

தேங்காய்பட்டணத்துல மழை, கார்ல இருந்தே பார்த்துட்டுத் திரும்பிட்டோம். அதை விடுங்க. முட்டந்தான் விஷயம்.

கார் கதவைத் திறந்ததுமே காத்து கதவைப் பிடிச்சு இழுத்துச்சு. நான் தயங்கினேன். "பாலக்காட்டுக் கணவாய்க் காத்துலயே காடு கழனி பாத்தவ நானு, இதென்னுங்க மாப்பிள்ளை"ன்னுட்டு அத்தை முன்னால நடந்துட்டாங்க. லைட்ஹவுஸ் தாண்டி பாறைக்கு இறங்குற படியில பாதி போயிருப்போம். சேலை பாய்மரம் மாதிரி உப்பிருச்சு. அப்படியே படியில உக்காந்து என் கணுக்காலைப் பிடிச்சுக்கிட்டாங்க. விடவே இல்ல. முகத்தை நிமிர்த்தி என்னமோ சொன்னாங்க. உதடு அசையுது, ஒரு எழுத்து காதுல விழல. குனிஞ்சு கேட்டேன், அப்பவும் விழல.

மேல மாங்கா, அன்னாசி விக்கிற ஒரு பாட்டி. குடைக் கம்பைக் கல்லுல கட்டி, அந்த நைலான் கயித்தோட மறுமுனையத் தன் இடுப்புல சுத்தியிருந்துது. நான் அத்தையைக் கைத்தாங்கலா ஏத்திக் கொண்டுவரும்போது பார்த்துட்டே இருந்துட்டு, "ஆனி மாசத்துல ஆராவது முட்டத்துக்கு விருந்தாளியக் கூட்டிட்டு வருவாவளா மக்கா? தை மாசம் வரப்பிடாதா?"ன்னு கேட்டுச்சு. இந்த மண்ணுல பிறந்தவன் நான். செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

கார்ல ஏறினதும் "படியில என்ன சொன்னீங்க அத்தை?"ன்னு கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க"ன்னுட்டாங்க. மூணாம் நாள் கன்னியாகுமரியில படகு இல்லைன்னு போர்டு. அன்னைக்கு ராத்திரியே ரயிலேத்தி விட்டுட்டேன். என்னைத் திட்டினாங்களா, சாமியைக் கூப்பிட்டாங்களா, தெரியல.


பாறசாலை டீச்சர்:

தம்பி, காத்தாவது சொல்லிட்டு வரும். சொல்லாம வர்றதைப் பத்தி நான் எழுதறேன்.

2024 ஈஸ்டர் ஞாயிறு, மார்ச் 31. தங்கச்சி குடும்பம் மதுரையில இருந்து வந்திருந்துது. பூவார்ல நெய்யாறு கடல்ல சேர்ற பொழியைப் பார்த்துட்டு, அப்படியே பொழியூர்ப் பக்கம் போய் மணல்ல உக்காந்தோம். நல்ல வெயில். இலை அசையல. கடலும் அமைதியா பின்வாங்கிக் கிடந்துது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாவே. பிள்ளைங்களுக்குக் கொண்டாட்டம். வலை பார்த்துட்டிருந்த ஒரு அம்மா மலையாளத்துல "எணீக்கு, எணீக்கு"ன்னு கையை ஆட்டினாங்க. அவங்க வலை விரிக்க இடம் கேக்கறாங்கன்னு நெனச்சேன். "இதோ கிளம்பிடுவோம்மா"ன்னு சொல்லிட்டு டிபன் கேரியரைத் திறந்தேன்.

தண்ணி அலையா வரல, கேட்டீங்களா. சத்தமே இல்லாம, பால் பொங்குற மாதிரி ஏறி வந்துச்சு. கேரியர் மிதக்குது. தங்கச்சி மகளோட ஒத்தைச் செருப்பு திரும்பிப் போற தண்ணியோட போகுது. 7 வயசுப் பிள்ளை, அதை எடுக்க ரெண்டு எட்டு வச்சிட்டா. அந்த அம்மாதான் ஓடிவந்து பின்னலைப் பிடிச்சு இழுத்தாங்க. பிள்ளை வலியில கத்தின கத்து இன்னும் கேக்குது.

அப்புறந்தான் பேரே தெரிஞ்சுது. கள்ளக்கடல். இங்க காத்தும் இருக்காது, மழையும் இருக்காது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெக்க, இந்துமகா சமுத்திரத்தோட தெக்குக் கோடியில எங்கயோ அடிச்ச புயலோட அலை நாள்கணக்கா பயணம் பண்ணி நம்ம கரைக்கு வருது. திருடன் மாதிரி வர்றதால அந்தப் பேரு. ஹைதராபாத்ல இருக்கிற கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுது. அது டிவியில கீழ ஓடிட்டு இருந்திருக்கும், நான் சமையல்கட்டுல இருந்திருப்பேன்.

அந்த அம்மாவுக்கு நன்றி சொன்னேனான்னே நெனவில்ல.


நாகர்கோவில் அண்ணாச்சி:

ஆளாளுக்குப் பயமுறுத்தாதிய. நம்ம கடற்கரைக்கு அழகே ஆனி ஆடிதான். டிசம்பர்ல வந்து பாருங்க, கன்னியாகுமரியில கால் வைக்க இடம் இருக்காது, சாயா குடிக்கவும் வரிசை. டீச்சர் சொல்றது எப்பவோ ஒருநாள் நடக்கறது. அதுக்காக யாரும் கடலுக்கே போகப்பிடாதா?

எனக்கும் அனுபவம் உண்டு. 1998ல சங்குத்துறையில புதுச் சம்பந்தி முன்னால வேட்டி பறந்துபோச்சு. இதுக்கு மேல கேக்காதிய.

குழித்துறைத் தம்பிக்குக் காத்து தப்பு பண்ணல, திட்டம் தப்பு. இனிமேலாவது எழுதி வச்சிக்கிடுங்க. ஆனியில கன்னியாகுமரி போறவன் அஸ்தமனத்துக்குப் போகப்பிடாது. அந்த மாசம் சூரியன் வடக்க சாய்ஞ்சு கரைக்குப் பின்னாலதான் இறங்கும். கடல்ல இறங்குறதப் பார்க்கணும்னா மார்கழி, தை. அதனால ஆனியில காலைல எந்திரிச்சு உதயத்தைப் பாத்துட்டு, மேகம் இல்லைன்னா அதுவே பாக்கியம்னு கும்பிட்டுட்டு, வெயில் ஏறும்முன்ன தக்கலைக்கு வந்துரணும், பத்மநாபபுரம் அரண்மனைக்கு. திங்கட்கிழமை லீவு. எத்தனை பேர் கார் புடிச்சு வந்து பூட்டுன கதவு முன்னால போட்டோ எடுத்துட்டுப் போயிருக்கான் தெரியுமா? அரண்மனை நிக்கிற மண்ணு நம்மது, நிர்வாகம் கேரளா. 1956 நவம்பர் 1ல ஜில்லா இங்க வந்துச்சு, சாவி அங்கயே தங்கிட்டு.

படகு ஓடலன்னு வருத்தப்படப்பிடாது. காத்து கூடினாலும் ஓடாது, தண்ணி வத்தினாலும் ஓடாது. முன்னால விவேகானந்தர் பாறைக்கு மட்டும் விட்டுட்டு வள்ளுவர் சிலைக்கு விடாத நாளும் நெறைய. 133 அடிச் சிலையை எட்ட நின்னு பாத்துட்டு வரணும். 2024 டிசம்பர் 30ல கண்ணாடிப் பாலம் திறந்தப்பறம் அந்தத் தொல்லை போச்சு. 77 மீட்டர், இந்தப் பாறையில இருந்து அந்தப் பாறைக்கு நடந்தே போயிரலாம். காத்தடிக்கும்போது நடந்தா கீழ அலை, நெஞ்சுல இடி.

பொம்பளையாளுக்குச் சேலை வேண்டாம், சுடிதார். ஆம்பளைக்கு வேட்டி வேண்டவே வேண்டாம், காரணம் மேல சொல்லியாச்சு. கேமராவ உப்புத்தண்ணி தின்னுரும், ராத்திரியே துடைக்கணும். கோவளத்துல சிவப்புக் கொடி பறந்தா தண்ணியில இறங்கப்பிடாது. முக்கியமா நெய்மீன் வறுவல் திங்காம ஊருக்குப் போவப்பிடாது.


பாறசாலை டீச்சர்:

அண்ணாச்சி, "எப்பவோ ஒருநாள்"னு சொல்லாதீங்க. 2024 மே 6, கணபதிபுரம் லெமூர் கடற்கரை. நான் சொன்ன ஈஸ்டர் முடிஞ்சு அஞ்சே வாரம். அன்னைக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்துது. டாக்டருக்குப் படிச்ச பிள்ளைங்க அஞ்சு பேரை அலை கொண்டுபோச்சு. கல்யாணத்துக்கு வந்த இடத்துல. உங்க நெய்மீன் இருக்கட்டும்.


தூத்தூர்க் கரை:

நெய்மீன்னு சொன்னதால உள்ள வந்தேன். அண்ணாச்சி, நம்ம ஜில்லா மேற்குக் கடல்ல ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். கேரளாவுல ஜூன் 9 நடுராத்திரியில இருந்து 52 நாள். ஆனியில உங்க இலைக்கு வந்த பெரிய நெய்மீன் எந்த ஐஸ் பெட்டியில எத்தனை நாள் தூங்குச்சோ. விருந்தாளிக்கு நல்லது செய்யணும்னா கரையில நின்னு வள்ளத்துல வந்த சாளையோ நெத்தோலியோ வாங்கி மரச்சீனிக் கிழங்கோட குடுங்க.

நான் எழுத நெனச்சது வேற. மேல ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கேன். ஜன்னலைத் திறந்தா கடல். 2017 டிசம்பர் முதல் ஞாயித்துக்கிழமைக்கு ஒரு குடும்பம் முன்பணம் அனுப்பியிருந்துது. அந்தப் பணம் அதுக்கு முன்னமே வீட்டு வேலையில போயிட்டு.

நவம்பர் 30 ஒக்கி. எங்க ஊர்க்காரங்க தங்குகடல் போறவங்க, பத்து நாள், இருபது நாள் கடல்லயே கிடப்பாங்க. புயல்னு கரையில தெரியும்போது அவங்க ரொம்பத் தூரத்துல. எத்தனை படகு வெளிய இருக்குன்னே சரியாத் தெரியாது. கோயில் முற்றத்துல அத்தனை பேரும் உக்காந்திருக்காங்க. யாரும் பேசல. மணி அடிச்சா மட்டும் எல்லாத் தலையும் ஒண்ணா நிமிரும்.

அங்க நிக்கும்போது போன் வருது. அந்தக் குடும்பத்துல இருந்துதான். "டிவில பாத்தோம் அண்ணே, இப்ப அலை பயங்கரமா இருக்குமே? பால்கனியில இருந்து வீடியோ எடுக்க முடியுமா?" கெட்டவங்க இல்ல. குரல்ல நல்ல மரியாதை இருந்துது. அவங்களுக்கு டிவியில கடல் மட்டும் காட்டியிருப்பான்.

வராதீங்கன்னு சொல்லணும். சொன்னா முன்பணத்தைத் திருப்பணும். நான் "வாங்க"ன்னு சொல்லிட்டேன். எதிர்ல என் சித்தி உக்காந்திருக்கா, அவ மகன் கடல்ல. நான் போன்ல சொன்னது அவளுக்குக் கேட்டுது. என்னைப் பார்த்தா. ஒண்ணும் கேக்கல.

பஸ் ஓடலன்னு கடைசியில அவங்க வரல. தம்பி பதிமூணாம் நாள் லட்சத்தீவுல கரையேறி வந்தான். இருந்தாலும் சித்தி இன்னும் என் வீட்டு மாடிக்கு ஏறினதில்ல.


வாரம் ஒருநாள் ஆரல்வாய்மொழி:

மேல படிச்சப்புறம் என் கதை சின்னதாத்தான் தெரியுது. இருந்தாலும் எழுதிடறேன்.

திருவனந்தபுரத்துல வேலை, திருநெல்வேலியில வீடு. வாராவாரம் பைக். ஒரு ஜூலை, கூட வேலை பாக்குற மலையாளி நண்பன், "உங்க கடலையும் காத்தாலைக் காத்தாடியையும் ஒரே நாள்ல பாக்கணும்"னு பின்னால ஏறிக்கிட்டான். முப்பந்தல் தாண்டும்போது மலை இடைவெளியில இருந்து வர்ற காத்து பக்கவாட்டுல பிடிச்சுத் தள்ளுது. நேரா போகணும்னா வண்டியைச் சரிச்சே ஓட்டணும். பக்கத்துல லாரி வந்தா அது மறைக்கிற ஒரு நொடி காத்து நிக்கும். சரிச்ச வண்டி அப்படியே லாரியைப் பாத்துப் போகும். அந்த ஒரு நொடிதான். டயர் என் முட்டிக்குப் பக்கத்துல சுத்துச்சு, அதுல ஒட்டியிருந்த சேறு வரைக்கும் நெனவிருக்கு.

டீக்கடையில நிறுத்தினோம். கடைக்காரர் நண்பனை மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஆளு மெலிவு. பையில ரெண்டு கல்லு போட்டுக்கிடச் சொல்லுங்க"ன்னார். கிண்டல்னு சிரிச்சேன். அவர் சிரிக்கல.

மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் இந்தப் பக்கம் பைக்ல வர்றவங்க லாரியை முந்தாதீங்க, லாரி முந்தவும் விடாதீங்க. முடிஞ்சா பஸ். நண்பன் திரும்பும்போது பஸ்லதான் போனான்.


நாகர்கோவில் அண்ணாச்சி:

தூத்தூர்த் தம்பி, மீன் விஷயம் நீங்க சொன்னதுதான் செரி. மத்ததுக்கு என்ன சொல்லன்னு தெரியல மக்கா.

டீச்சர், கோவப்படாதிய. லெமூர் நெனவிருக்கு. எங்க தெருவுல இருந்து ரொம்பத் தூரமில்ல.


குழித்துறைக்காரன்:

எல்லாரும் எழுதினதுக்கு நன்றி. அண்ணாச்சி, உங்க அட்டவணைய வீட்டம்மா தனியா எழுதி வச்சிருக்காங்க, வேட்டி உட்பட.

நேத்து இதையெல்லாம் அவகிட்ட வாசிச்சுக் காட்டினேன். உடனே ஸ்பீக்கர்ல போட்டு அம்மாகிட்டயே கேட்டுட்டா. "அம்மா, முட்டத்துப் படியில இவர் காலைப் பிடிச்சுட்டு என்ன சொன்னே?"

அத்தைக்கு முதல்ல ஞாபகம் வரல. அப்புறம் சிரிச்சாங்க. "ஏந்திரிக்கச் சொல்லாதீங்க மாப்பிள்ளை, இன்னுஞ் செத்த நேரம் இருந்துக்கலாமுங்கன்னு சொன்னேன். அவர் எங்க கேட்டாரு, தரதரன்னு மேல இழுத்துட்டுப் போயிட்டாரு. பாவம், பயந்துட்டாராட்டக்குதுன்னு நானும் வுட்டுட்டேன்."

ஊர்ல எல்லார்கிட்டயும் அந்தக் காத்தைப் பத்தித்தான் பேச்சாம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ரெண்டு பேரு கூட வர்றதாச் சொல்லியிருக்காங்களாம். தை மாசம் வாங்க அத்தை, கடல் அமைதியா இருக்கும், அஸ்தமனம் தெரியும்னேன். "தையில காத்து இருக்குமுங்களா?"ன்னு கேட்டாங்க. அந்த அளவு இருக்காதுன்னேன்.

"அப்பொ ஆனிக்கே டிக்கெட் போட்டுருங்க."

மூணு பாட்டிகளோட முட்டம் படி. அந்த மாங்காப் பாட்டி முகத்துல எப்படி முழிக்கப் போறேனோ.