பழைய லேப்டாப்: விண்டோஸ் 10 பாதியில் நிற்கிறது, லினக்ஸ் மின்ட் கடைசியில் கிரப் பிழை தருகிறது

கேள்வி

வணக்கம். 2011-ல் வாங்கிய 15.6 அங்குல லேப்டாப். இன்டெல் ஐ3-2310எம், 2+2 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 மந்தமாகிக்கொண்டே போனதால் சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து புதிதாக நிறுவப் பார்த்தேன். டி டிரைவில் படங்களும் ஆவணங்களும் இருக்கின்றன, அதைத் தொடவில்லை.

கோப்புகளை நகலெடுக்கும் கட்டத்தில் 0எக்ஸ்80070570 என்று நின்றுவிடுகிறது. வேறு பென் டிரைவிலும் அதே எண், ஆனால் நிற்கும் சதவீதம் மட்டும் மாறுகிறது. பிறகு லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ போட்டுப் பார்த்தேன். டி டிரைவைக் காப்பாற்ற பார்ட்டிஷனை நானே தேர்ந்தெடுத்தேன். வெகுநேரம் இழுத்துவிட்டு, முடியப்போகிற நேரத்தில் 'கிரப்-இன்ஸ்டால் தோல்வி' என்கிறது (கிரப் என்பது கணினி தொடங்கும்போது லினக்ஸை எழுப்பும் பூட் லோடர்). பயாஸில் (தாய்ப்பலகையின் அடிப்படை நிரல்) தேதி 2011 ஜனவரி 1 என்று நிற்கிறது, மாற்றினாலும் மறுநாள் அதே கதை.

ஐஎஸ்ஓ (தரவிறக்கிய நிறுவல் கோப்பு) கோளாறா? மறுபடி தரவிறக்கவா?

பதில் 1

தரவிறக்க வேண்டாம், நிறுவவும் வேண்டாம். அந்த டிஸ்கில் இனி எதையும் எழுதாதீர்கள்.

0எக்ஸ்80070570 என்றால் 'கோப்பு சிதைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை' என்று பொருள். எங்கே சிதைந்தது என்று அது சொல்லாது. ஐஎஸ்ஓவோ பென் டிரைவோ கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். பென் டிரைவை மாற்றிய பிறகும் பிழை வந்து, நிற்கும் இடம் மட்டும் நகர்கிறது என்றால் ரேம் அல்லது ஹார்ட் டிஸ்க்மேல்தான் சந்தேகம் வரவேண்டும். ஐஎஸ்ஓமேல் ஐயம் தீர வேண்டுமானால் கோப்பின் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணை மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டால் போதும்.

மின்ட் பென் டிரைவில் பூட் செய்து, நிறுவாமல் நேரடி அமர்வில் (பென் டிரைவிலிருந்தே ஓடும் மின்ட்) 'டிஸ்க்ஸ்' செயலியைத் திறங்கள். ஸ்மார்ட் தகவலில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதியும் பட்டியல்) 5, 197, 198, 199 ஆகிய நாலு வரிகளின் மூல மதிப்பு வேண்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐத் தனி பென் டிரைவில் எழுதி ராத்திரி ஓடவிடுங்கள், குறைந்தது நாலு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் தேறாது. வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றித் தனித்தனியே சோதியுங்கள்.

கேட்டவர்

மெம்டெஸ்டில் பிழை இல்லை. ஸ்மார்ட்: 5-ல் 216, 197-ல் 88, 198-ல் 88, 199-ல் 0.

பதில் 1

டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. 5 என்பது ஏற்கெனவே கெட்டு மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்கள் (டிஸ்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்). 197 படிக்க முடியாமல் காத்துக் கிடப்பவை. நிறுவும் நிரல் தான் எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது இவற்றில்தான் முட்டிக்கொள்கிறது. 199 இணைப்பில் தரவு போகும்போது நேரும் பிழைகளின் எண்ணிக்கை, அது சுழியமாக இருப்பதால் கனெக்டரைக் குறை சொல்ல முடியாது.

முதல் வேலை டி டிரைவ். நேரடி அமர்விலேயே வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். மொத்தமாக இழுத்துப் போடாமல், முக்கியமான கோப்புறை முதலில். எங்காவது தொங்கினால் அதோடு நிறுத்திவிட்டு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலைப் பயன்படுத்துங்கள் (மின்டின் மென்பொருள் களஞ்சியத்தில் பொதியின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ). அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளுக்குக் கடைசியில் வரும். மேப் கோப்பு கொடுக்க மறக்காதீர்கள், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பு நிரலான செக்டிஸ்க்கை 'ஆர்' தேர்வோடு ஓட்டச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். நகல் கையில் வரும்வரை அதைக் கிட்டவே விடாதீர்கள். சாகப்போகும் டிஸ்கை முழுக்க உழுதுவிடும்.

பதில் 2

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) வாங்கிவிடுங்கள் ப்ரோ. 2.5 அங்குல சாட்டா, 240 ஜிபி போதும். எம்.2 வகை இதில் உட்காராது. எஸ்எஸ்டி 7 மிமீ தடிமன், பழைய டிஸ்க் 9.5 மிமீ. ஆடினால் 2.5 மிமீ பிளாஸ்டிக் சட்டம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்கின் உலோகத் தாங்கியைக் கழற்றி இதற்கு மாட்டினாலே பெரும்பாலும் சரியாக நின்றுவிடும்.

அப்படியே ரூஃபஸ் (பூட் பென் டிரைவ் தயாரிக்கும் நிரல்) மூலம் வன்பொருள் கட்டுப்பாடுகளை நீக்கி விண்டோஸ் 11 போட்டுவிடலாமே?

பதில் 3

போடலாம். இந்தச் சிப்பில் எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் கட்டளைகள் இரண்டும் உண்டு, அதனால் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட் ஆகவும் செய்யும். ஆனால் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) கிடையாது, இன்டெல் சிப்களுக்கான ஆதரவுப் பட்டியல் பெரும்பாலும் 8-ம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது, இது 2-ம் தலைமுறை. ஒவ்வொரு பெரிய மேம்பாட்டுக்கும் இதே தில்லுமுல்லு திரும்பச் செய்யவேண்டும். எச்டி 3000 கிராஃபிக்ஸுக்கு இன்டெல் விண்டோஸ் 10-க்கே ஆதரவு தரவில்லை. 4 ஜிபி ரேமில் அது ஊர்ந்துதான் போகும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. மின்ட் 22-க்கு 2029 ஏப்ரல் வரை மேம்பாடு வரும். இந்த லேப்டாப்பில் என் ஓட்டு மின்டுக்கே.

இனி கிரப். உங்கள் பழைய டிஸ்க் ஜிபிடி அமைப்பில் (புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை) இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். பூட் மெனுவில் பென் டிரைவ் இரண்டு வரிகளில் தெரியும்: ஒன்றுக்கு முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்று இருக்கும், மற்றொன்று வெறும் பெயர். வெறும் பெயரைத் தேர்ந்தெடுத்தால் நிறுவும் நிரல் லெகசி முறையில் (பழைய பயாஸ் வழி, யூஇஎஃப்ஐ அதன் புதிய மாற்று) எழும். ஜிபிடி டிஸ்கில் லெகசி கிரப் தன் மையப் பகுதியை வைத்துக்கொள்ள 1 எம்பி அளவில் 'பயாஸ் கிரப்' கொடியுள்ள ஒரு துண்டு வேண்டும். பார்ட்டிஷனைக் கையால் பிரித்தவர்கள் பெரும்பாலும் அதைப் போடுவதில்லை, கிரப்பும் இடமில்லாமல் விழுந்துவிடும். எந்த முறையில் எழுந்திருக்கிறது என்று பார்க்க, /சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ என்ற கோப்புறை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் யூஇஎஃப்ஐ, இல்லாவிட்டால் லெகசி.

2011 காலத்து யூஇஎஃப்ஐ பல மாடல்களில் அரைகுறை. அவற்றில் சில, பூட் கோப்புக்கு மைக்ரோசாஃப்ட் பெயரிட்ட பாதையைத் தவிர வேறெதையும் தேடாது. லெகசியில் ஜிபிடி டிஸ்கை ஏற்க மறுக்கும் பயாஸ்களும் உண்டு. அதனால் உங்களுக்கு லெகசியும் எம்பிஆரும் (ஜிபிடிக்கு முந்தைய பார்ட்டிஷன் அட்டவணை) சேர்ந்த கூட்டணிதான் வம்பில்லாதது. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால்தான் எம்பிஆர் முட்டும், 240 ஜிபிக்குக் கவலையே இல்லை.

பயாஸில் சாட்டா முறையை (டிஸ்க் இணைப்பு அமைப்பு) ஏஎச்சிஐ என்றும், பூட் முறையை லெகசி என்றும் வையுங்கள். நேரடி அமர்வில் ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் செயலியைத் திறந்து, அளவைப் பார்த்து எஸ்எஸ்டிதான் என்று உறுதிசெய்து, பார்ட்டிஷன் அட்டவணையை 'எம்எஸ்டாஸ்' (அதாவது எம்பிஆர்) வகையில் புதிதாக உருவாக்குங்கள். நிறுவியில் மொத்த இடத்தையும் ஒரே இஎக்ஸ்டி4, மவுன்ட் இடம் வெறும் '/'. ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடம்) துண்டு தேவையில்லை, கோப்பாக அதுவே உருவாக்கிக்கொள்ளும். பூட் லோடர் எங்கே என்று கேட்கும்போது எஸ்டிஏ1 என்ற பார்ட்டிஷன் அல்ல, முழு டிஸ்கான எஸ்டிஏ. பென் டிரைவ் எஸ்டிஏ ஆகியிருந்தால் எஸ்எஸ்டி எஸ்டிபி ஆகிவிடும், அதனால் பெயரை நம்பாமல் அளவை நம்புங்கள்.

பதில் 4

எல்லோரும் தேதியை விட்டுவிட்டீர்கள். 2011 ஜனவரி 1-க்கே திரும்புகிறது என்றால் சிமாஸ் பேட்டரி (தாய்ப்பலகையின் கடிகாரத்துக்கான சிறு பேட்டரி) தீர்ந்துவிட்டது. கடிகாரம் மட்டுமல்ல, மின்சாரம் முழுக்கப் போகும்போதெல்லாம் பயாஸ் அமைப்புகளும் ஆலைநிலைக்குத் திரும்பக்கூடும். பதில் 3 சொன்ன லெகசி, ஏஎச்சிஐ இரண்டும் அப்போது மாறிவிட்டால் 'பூட் சாதனம் இல்லை' என்று வரும், நீங்கள் எஸ்எஸ்டியைச் சந்தேகிப்பீர்கள். அந்த பேட்டரி சிஆர்2032, 3 வோல்ட். லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டு ஒயரும் சின்ன பிளக்கும் வைத்துச் சுருங்கும் பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருக்கும். வெறும் காசு பேட்டரியை வாங்கி ஒயரைச் சால்டர் செய்யாதீர்கள், சூட்டில் வெடிக்கலாம். பிளக்கோடு வருவதையே கேட்டு வாங்குங்கள். எஸ்எஸ்டி மாட்டத் திறக்கும்போதே இதையும் முடித்துவிடலாம்.

ரேம் கூட்டுவதாக இருந்தால் 204 பின் டிடிஆர்3 எஸ்ஓடிம், 1333, 4+4 ஜிபி. கடையில் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டும் இருந்தாலும் பொதுவாகப் பிரச்சினையில்லை, அவை 1.5 வோல்ட்டிலும் ஓடும்.

கேட்டவர்

டி டிரைவ் நகல் கிட்டத்தட்ட முழுதாக வந்துவிட்டது, சில வீடியோக்கள் மட்டும் படிக்கவில்லை. எஸ்எஸ்டியில் மின்ட் பிழையில்லாமல் ஏறி பூட் ஆகிறது. பேட்டரி இன்னும் கிடைக்கவில்லை. மேம்பாடு கொடுத்தால் 'ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்கிறது. வைஃபையும் தெரியவில்லை.

பதில் 4

அந்தச் செய்தி தேதியால்தான். கணினி 2011-ல் இருப்பதாக நினைக்கிறது, களஞ்சியம் எதிர்காலத்திலிருந்து வந்ததாகத் தெரிகிறது. பிரவுசரில் சான்றிதழ் பிழைகள் வந்தால் அதற்கும் இதுவே காரணம். தேதியைக் கையால் சரிசெய்துவிட்டு, போனை யூஎஸ்பி டெதரிங்கில் மாட்டி மேம்படுத்துங்கள். பிறகு 'டிரைவர் மேனேஜர்' திறந்தால், பிராட்காம் வைஃபையாக இருந்தால் அதற்கான இயக்கி பட்டியலில் வரும்.

கேட்டவர்

பிராட்காம்தான், இயக்கி போட்டதும் வைஃபை வந்துவிட்டது. தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்வது எப்படி?

பதில் 3

ஐபஸ் (பல மொழி உள்ளீட்டு நிரல்), அதற்கான ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவி, உள்ளீட்டு முறைகளில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மறுபடி நுழைந்து, ஐபஸ் விருப்பங்களில் தமிழ்99ஐச் சேருங்கள். விசைப்பலகைப் பட்டியலில் நேரடியாக வரும் தமிழ்நெட்99 அமைப்பில் தானாகப் புள்ளி வைக்கும் வசதி இல்லை, அதனால் எம்17என் வழியே போங்கள்.